வீட்டுக்கு எத்தனை பிளக் பாயிண்ட்?

நான் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் பாபநாசத்தில் எங்கள் வீட்டில் பிளக் பாயிண்ட் என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கூடத்தில் ரேடியோ ஸ்டாண்டுக்கு மேலே, மரப்பலகையில், கறுப்பு பேக்கலைட்டில், இரண்டு ஓட்டையோடு. அதில் ரேடியோவைத் தவிர வேறு எதையும் யாரும் செருகியதில்லை. செருக எங்களிடம் வேறு எதுவும் இல்லை. அப்பாவின் சட்டை கரிப்பெட்டியில் தேய்த்தது. அம்மா அரைத்தது அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும். புழுக்கத்துக்குப் பனையோலை விசிறி, அதுவும் போதாவிட்டால் திண்ணை. அறைக்கு ஒரு குண்டு பல்பு, கூடத்தில் ஒரு சீலிங் ஃபேன். இதற்கு மேல் மின்சாரம் ஒரு வீட்டில் என்ன செய்ய முடியும் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

பாபநாசம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள், "பவர் ஹவுஸ் இருக்கிற ஊர்தானே?" என்பார்கள். அது திருநெல்வேலிச் சீமைப் பாபநாசம். தாமிரபரணித் தண்ணீரில் 1944-ல் மின் நிலையம் வந்த ஊர். எங்களுடையது குடமுருட்டி ஓரத்துப் பாபநாசம். எங்களிடம் இருப்பது 108 சிவாலயமும், திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியமும். ஆனாலும் மின்சாரத்தோடு எங்களுக்கும் ஒரு சொந்தம் உண்டு. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது, 1937-ல் அங்கே மின்சாரம் எடுக்க ஆரம்பித்தார்கள். குறுவைக்கு வருகிற தண்ணீர், அங்கே டர்பைனைச் சுற்றிவிட்டுத்தான் எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது. சின்ன வயதில் இதை ஆசிரியர் சொன்னபோது, கரண்டை எடுத்த பிறகு தண்ணீரில் சத்து இருக்குமா என்று வகுப்பில் ஒருவன் கேட்டான். அவன் பிற்பாடு நல்ல விவசாயி ஆனான்.

அந்த ஒரு ஓட்டை எப்படி பெருகியது என்பதை நம் வயதுக்காரர்கள் எல்லோரும் பார்த்திருப்போம். முதலில் இஸ்திரிப் பெட்டி. அதற்கு பிளக் தேடிப் போகவில்லை, பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரிலேயே மாட்டுகிற ஒரு அடாப்டர் கடையில் கிடைத்தது. ஒரு பக்கம் பல்பு, இன்னொரு பக்கம் இஸ்திரி. தேய்க்கும்போது பல்பு மங்கும், வீட்டில் எல்லோரும் அண்ணாந்து பார்ப்போம். பிறகு டேபிள் ஃபேன், மிக்சி, டெலிவிஷன், ஃப்ரிட்ஜ், கிரைண்டர். ஒவ்வொன்று வந்தபோதும் ஒயர்மேன் வந்து ஒரு பலகை அடித்துவிட்டுப் போனார். எங்கே மெயின் ஒயர் பக்கமாக ஓடுகிறதோ அங்கேதான் பலகை, நமக்கு எங்கே தேவையோ அங்கே இல்லை. ஆகவே மிக்சி சமையலறைக் கதவுக்குப் பின்னால், ஃப்ரிட்ஜ் ரேழியில், டெலிவிஷன் சாமி படத்துக்குக் கீழே. இப்படி ஒரு வீட்டில் சாமான்கள் நிற்கும் இடத்தை நாற்பது வருஷம் பிளக் பாயிண்ட்தான் தீர்மானித்தது.

எங்களை விட்டுத் தள்ளுங்கள். வாய்க்கால் ஓரத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு அரசு இலவசமாகக் கொடுத்தது ஒரு விளக்கு இணைப்பு. ஒரு பல்பு, ஒரு ஸ்விட்ச், அவ்வளவுதான். 2006-க்குப் பிறகு இலவசக் கலர் டெலிவிஷன் வந்தது. 2011-ல் மிக்சி, கிரைண்டர், ஃபேன் என்று மூன்றும் சேர்ந்து வந்தன. ஒரு பல்புக்காகப் போட்ட ஒயரில் நான்கு சாமான். அந்த வீடுகளில் அப்போது முளைத்த இணைப்புகளைப் பார்த்திருக்கிறேன். பிளக் இல்லாத வெறும் ஒயர் முனைகளை சாக்கெட் ஓட்டையில் விட்டு, நழுவாமல் இருக்கத் தீக்குச்சியைச் செருகியிருப்பார்கள். அந்தத் திட்டங்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டுக்கல்லில் மாவாட்டிய கையைப் பார்த்தவன் குறை சொல்ல மாட்டான். ஆனால் கிரைண்டரோடு சேர்த்து, எர்த் வைத்த ஒரு சாக்கெட்டையும் வீட்டுக்கு வீடு அடித்துக் கொடுத்திருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

இப்போது அம்மா விஷயத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெற்று ஊரோடு வந்து சேர்ந்த நாலாவது வருஷம், 2018-ல், அம்மா கிணற்றடியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. வயது 84. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தார், ஆனால் எழுந்து நடக்கவில்லை. படுக்கைப் புண் வரக்கூடாது என்பதற்காக டாக்டர் ஏர் பெட் வாங்கச் சொன்னார். உங்களில் பலர் வீட்டில் பார்த்திருப்பீர்கள். மெத்தையில் வரிசையாகக் காற்றுப் பைகள், கட்டில் காலில் தொங்கும் சின்ன மோட்டார். சில நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வரிசை உப்பும், அடுத்த வரிசை தணியும். உடம்பின் பாரம் ஒரே இடத்தில் அழுந்தாது. அந்த மோட்டார் தின்பது ஜீரோ வாட்ஸ் பல்பு அளவுக்குத்தான். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். நின்றால் மெத்தை சப்பென்று ஆகிவிடும், அம்மா பலகையில் படுத்த மாதிரிதான்.

அம்மாவைக் கூடத்தில்தான் போட முடிந்தது. உள் அறையில் கட்டில் போட இடம் இருந்தது, பிளக் இல்லை. கூடத்திலும் இருந்த ஒரே போர்டு வாசல் நிலைக்குப் பக்கத்தில். கட்டில் ஜன்னல் பக்கம். நடுவில் பதினாலு அடி. ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வாங்கி, ஒயரைச் சுவர் ஓரமாக விட்டு, நிலைப்படிக்குக் குறுக்கே வரும் இடத்தில் மட்டும் கோரைப்பாயைப் போட்டு மூடினோம். அதே பாக்ஸில் ஏர் பெட், டேபிள் ஃபேன், நெபுலைசர், என் தங்கையின் செல்போன். தங்கை அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்து எங்களோடேயே இருந்தாள்.

அந்த வருஷம் நவம்பரில் கஜா புயல். 15-ஆம் தேதி ராத்திரி காற்று ஆரம்பித்ததுமே கரண்டு போய்விட்டது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணிப் பக்கம் தென்னை மரங்களும் மின்கம்பங்களும் விழுந்து கிடந்ததையும், நாள் கணக்கில் அவர்கள் இருட்டில் இருந்ததையும் நினைத்தால் எங்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தது. 2012 வாக்கில் ஒரு நாளில் பாதி கரண்டு இல்லாமல் இருந்தோமே, அப்போது வாங்கியது. ஆனால் இன்வெர்ட்டர் லைன் லைட்டுக்கும் ஃபேனுக்கும் மட்டும் போட்டது. பிளக் பாயிண்ட் ஒன்றுகூட அதில் இல்லை. பல்பு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, ஏர் பெட் மட்டும் இறங்குகிறது. எதிர் வீட்டு மாமா டார்ச்சோடு வந்து பார்த்தார். ஒன்றும் பேசாமல் திரும்பிப் போய் அவர் வீட்டுப் பரணில் இருந்து ஒரு பழைய ஹோல்டர் அடாப்டரைத் தேடிக் கொண்டுவந்தார். கூடத்து பல்பைக் கழற்றி அதை மாட்டி, அதிலிருந்து ஒயர் தொங்கவிட்டு மோட்டாரை ஓட வைத்தோம். இஸ்திரிப் பெட்டிக்காக அந்தக் காலத்தில் வாங்கிய அதே ஜாதி அடாப்டர்.

புயல் ராத்திரியைத் தாண்டிவிட்டோம். தாண்ட முடியாதது, அதற்கு மூன்று மாதம் கழித்து, காற்றும் மழையும் இல்லாத ஒரு சாதாரண ராத்திரி. தங்கை தண்ணீர் குடிக்க எழுந்தவள், பாயின் ஓரத்தில் கால் தட்டியிருக்கிறது. விழவில்லை. சமாளித்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். பிளக் பாதி வெளியே வந்துவிட்டது அவளுக்குத் தெரியாது. அந்த மோட்டாருக்குச் சத்தமும் கிடையாது. அம்மா யாரையும் எழுப்பவில்லை. அவர் சுபாவமே அதுதான். விடிந்து பார்த்தபோது மெத்தை தட்டையாகக் கிடந்தது. முதுகுக்குக் கீழே சிவப்பாக இருந்த இடம் இரண்டு நாளில் தோல் உரிந்து புண்ணாகிவிட்டது. அது ஆற ஐந்து மாதம் ஆனது. தினமும் டிரஸ்ஸிங்குக்கு நர்ஸ் வரும் நேரம் தங்கை கொல்லைக்குப் போய்விடுவாள்.

அம்மா 2021-ல் காலமானார். புண்ணால் அல்ல, வயதால்.

அதற்கு அடுத்த வருஷம் வீட்டுக்கு முழுசாக ஒயரிங் மாற்றினோம். பழைய மரப்பட்டி ஒயரிங், ரப்பர் ஒயரெல்லாம் தொட்டால் உதிர்ந்தது. ஒயர்மேன் நம் பக்கத்து ஆள், நல்ல வேலைக்காரர். அறைக்கு ஒரு போர்டு, போர்டுக்கு இரண்டு சாக்கெட், சமையலறைக்கு மட்டும் கூட இரண்டு என்று விரல் விட்டு எண்ணி, "பதினெட்டு போதும் சார்" என்றார். பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் குறைத்துச் சொல்கிறார் என்றால் நியாயமான மனிதர் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் மனைவி ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு பழைய டைரியை எடுத்துக்கொண்டு, காலை நாலரை மணிக்கு எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும்வரை எங்கெங்கே நிற்கிறோம், உட்கார்கிறோம், படுக்கிறோம் என்று மூன்று நாள் எழுதினாள். சாமான்களை எண்ணவில்லை, இடங்களை எண்ணினாள். நாற்பத்தொன்று வந்தது.

"என்னம்மா, கல்யாண மண்டபமா இது?" என்றார் ஒயர்மேன்.

"நாளைக்கு நாங்க ரெண்டு பேரும் எந்த ரூம்ல, எந்தச் சுவத்துப் பக்கம் படுக்கையா விழுவோம்னு உங்களுக்குத் தெரியுமா தம்பி?" என்றாள் அவள்.

அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த நாள் சுவரில் சாக்பீஸால் கோடு போட ஆரம்பித்தார்.

இந்தக் கேள்வியை உலகத்தில் வேறு யாராவது கேட்டிருப்பார்களா என்று அப்போது தேடிப் படித்தேன். கேட்டிருக்கிறார்கள், அதுவும் யுத்தத்தின் நடுவில். 1942-ல், லண்டனில் குண்டு விழுந்த வீடுகளை எல்லாம் யுத்தம் முடிந்ததும் எப்படிக் கட்டுவது என்று யோசித்தபோது, வீட்டு மின் இணைப்புக்கென்று ஒரு கமிட்டி போட்டார்கள். அதில் இருந்த ஒரே பெண் கரோலின் ஹாஸ்லெட். வீட்டு வேலை செய்கிற பெண்களின் முதுகுவலியை மின்சாரம் குறைக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர். 1944-ல் அறிக்கை வந்தது. வீட்டில் நிறைய சாக்கெட் வேண்டும், எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும், குழந்தை விரலையோ கம்பியையோ விட்டால் ஷாக் அடிக்காதபடி ஓட்டைக்கு உள்ளே மூடி வேண்டும் என்றது. அப்படிப் பிறந்ததுதான் 1947-ல் வந்த, தட்டை முள் மூன்று வைத்த, உள்ளே ஃப்யூஸ் உள்ள இங்கிலாந்து பிளக். லண்டனில் மகன், மகள் இருப்பவர்கள் பார்த்திருப்பீர்கள். வேடிக்கை என்னவென்றால், அவர்கள் பழசு என்று ஒதுக்கிய உருண்டை முள் பிளக்தான் நம்மோடு தங்கிவிட்டது. சின்னது 5 ஆம்ப், பெரியது 15 ஆம்ப் என்று நாம் சொல்வது அதுதான். இப்போது அதையே 6, 16 என்று எழுதுகிறார்கள்.

அமெரிக்காவில் விதி இன்னும் எளிமை. அறைச் சுவரில் எந்த இடத்தில் ஒரு விளக்கை வைத்தாலும் 6 அடிக்குள் ஒரு சாக்கெட் எட்ட வேண்டும். அதாவது சுவரோரமாக 12 அடிக்கு ஒன்று. எக்ஸ்டென்ஷன் ஒயர் தரையில் ஓடக்கூடாது என்பதுதான் அதன் நோக்கம். பதினாலு அடியும் ஒரு கோரைப்பாயும் என்று நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மறுபடி எங்கள் வீடு. முப்பத்துநாலில் முடிந்தது. கூடத்தில் ஆறு, படுக்கை அறை இரண்டிலும் ஆறாறு, சமையலறையில் எட்டு, ரேழியில் இரண்டு, சாமி அலமாரிப் பக்கம் ஒன்று, குளியலறை கீசருக்கு ஒன்று, கொல்லைத் தாழ்வாரத்தில் வாஷிங் மெஷினுக்கும் மோட்டாருக்கும் இரண்டு, திண்ணையில் இரண்டு. எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரை. உளி வைத்தால் ஒரு இன்ச் பள்ளத்துக்கு ஒரு முறம் காரை விழும். ஆகவே சுவரை வெட்டவில்லை, பிவிசி கேசிங்கை மேலேயே ஓட்டினோம். பார்க்க அவ்வளவு அழகில்லை. வந்தவர்கள் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள்.

எண்ணிக்கையைவிட உயரத்துக்குத்தான் அதிகம் பேச வேண்டியிருந்தது. இப்போது கட்டுகிற வீடுகளில் பிளக் பாயிண்டைத் தரையை ஒட்டி வைப்பது நாகரிகம். முழங்கால் போனவன் குனிந்து எழுந்து பார்த்தால் தெரியும். இங்கிலாந்தில் புது வீடுகளில் தரையிலிருந்து 450 மில்லிமீட்டருக்குக் கீழே சாக்கெட் வைப்பதில்லை. நாங்கள் இரண்டரை அடி வைத்தோம். கட்டிலில் படுத்தபடி கை நீட்டினால் எட்டும். இன்னொரு காரணமும் உண்டு. 1977 நவம்பர் புயலில் எங்கள் ரேழியில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. டெல்டாக்காரன் எதையும் தரையோடு வைக்கக்கூடாது.

முப்பத்துநாலு பாயிண்ட் என்றால் கரண்ட் பில் ஏறுமே என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஓட்டை கரண்டு தின்னாது. செருகிய சாமான்தான் தின்னும். ஆனால் எந்த ஓட்டையில் எது என்பது முக்கியம். 230 வோல்ட்டில் 6 ஆம்ப் சாக்கெட் தாங்குவது சுமார் 1,380 வாட்ஸ். மிக்சி 750, டேபிள் டாப் கிரைண்டர் 150, இஸ்திரிப் பெட்டி 1,000, இவை பிரச்னை இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பு 2,000, கீசர் 2,000-க்கு மேல். இவற்றுக்குப் பெரிய சாக்கெட்டும் தடித்த ஒயரும் வேண்டும். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் ஆறு ஓட்டை இருப்பதால் ஆறு மடங்கு தாங்கும் என்று அர்த்தமில்லை. அதன் வால் போய்ச் சேருவது அதே ஒரு சாக்கெட்டில்தான். எல்லா நாட்டு பிளக்கும் நுழைகிற ஒரு பல்முக சாக்கெட் மலிவாக விற்கிறார்களே, அதைத் தயவுசெய்து வாங்காதீர்கள். எல்லாம் நுழையும், எதுவும் இறுக்கமாக நிற்காது. தளர்ந்த இடத்தில் சூடு ஏறும், பிளாஸ்டிக் பழுக்கும். சமையலறையில் ஒரு பழைய போர்டைக் கழற்றியபோது பின்னால் கரிந்து போயிருந்ததை ஒயர்மேன் எனக்குக் காட்டினார்.

எர்த் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. மூன்றாவது முள் இடைஞ்சல் என்று அதை வெட்டிவிட்டு இரண்டு ஓட்டை சாக்கெட்டில் செருகும் வழக்கம் நம் ஊரில் இன்னும் போகவில்லை. கிரைண்டர், ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் எல்லாம் இரும்பு உடம்பு. உள்ளே ஒயர் தேய்ந்து உடம்பில் பட்டால் அந்தக் கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிறது அந்த முள்தான். எங்கள் கொல்லையில் பாத்திரம் தேய்க்கிற இடத்துக்குப் பக்கத்தில் குழி வெட்டி, பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டார்கள். மண் ஈரமாக இருந்தால்தான் எர்த் வேலை செய்யும். தேய்க்கிற தண்ணீர் தினமும் அங்கே போகிறது. சித்திரை, வைகாசியில் மட்டும் என் மனைவி துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஒரு செம்பு ஊற்றிவிடுவாள்.

அதோடு மெயினில் ஆர்.சி.சி.பி. என்ற ஒன்றைப் போட்டோம். போகிற கரண்டும் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்ப் அளவுக்கு வேறு வழியில், அதாவது ஒரு மனிதன் உடம்பு வழியாகப் போனால்கூட, கண் இமைப்பதற்குள் மொத்த வீட்டையும் அணைத்துவிடும். சாதாரண ஃப்யூஸுக்கு இந்தச் சக்தி கிடையாது. ஃப்யூஸ் ஒயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. முதல் ஐப்பசி மழைக்கே நடு ராத்திரியில் வீடு இருட்டாகிவிட்டது. ஒவ்வொரு லைனாக அணைத்துப் பார்த்ததில் திண்ணை சாக்கெட்டில் சாரல் இறங்கியிருந்தது. மறுநாள் அதற்கு மூடி வைத்த பெட்டியாக மாற்றினோம்.

இன்வெர்ட்டர் லைனில் இந்தத் தடவை நாலு பிளக் பாயிண்ட் சேர்த்தோம். இரண்டு படுக்கை அறையிலும் கட்டிலின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. மற்றவற்றிலிருந்து அடையாளம் தெரிய அவற்றுக்கு மட்டும் சிவப்பு ஸ்விட்ச். பெரிய சாமானை யாரும் தவறி அதில் செருகிவிடக்கூடாது அல்லவா? பார்க்க வந்த தங்கை சிவப்பு ஸ்விட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தாள். பிறகு பிளக்கைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், இறுக்கமாக இருக்கிறதா என்று. ஒன்றும் சொல்லவில்லை. காபி ஆறிப்போய்விட்டது, மறுபடி சுட வைத்துக் கொடுத்தோம்.

முப்பத்துநாலில் இன்றைக்குத் தினமும் உபயோகத்தில் இருப்பது பதினைந்து இருக்கும். ஒயர்மேன் கணக்கு சரிதான் என்று நீங்கள் சொல்லலாம். அந்தப் பதினைந்து எவை என்பது மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறுகிறது. போன வருஷம் எனக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது ஜன்னல் பக்கத்துக் கட்டிலை உள்சுவர் பக்கம் நகர்த்தினோம். ஃபேனும் ரேடியோவும் விளக்கும் கூடவே வந்தன, தரையில் ஒயர் எதுவும் ஓடவில்லை.

திண்ணையில் வைத்த இரண்டில் ஒன்று பெரிய சாக்கெட். பையன் ஊருக்கு வரும்போது பாட்டரி ஸ்கூட்டர் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறான், அதற்காக. ஸ்கூட்டர் இன்னும் வரவில்லை. சின்ன சாக்கெட்டில் மத்தியானத்தில், கூடையை இறக்கி வைத்துவிட்டு, பூக்கார அம்மாள் செல்போனுக்கு சார்ஜ் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் தூங்குகிறார்.